பாறசாலை–குழித்துறை: ஒரு மின்பாதையின் இரு முனைகள்

கேரளத்துக்கும் தமிழ்நாட்டுக்கும் இடையே மின்சாரம் எல்லை கடக்கும் வழிகளைப் பட்டியலிட்டால் பெரிய பெயர்களே முதலில் வரும். உடுமலைப்பேட்டையிலிருந்து மாடக்கத்தறைக்கும் திருநெல்வேலியிலிருந்து திருவனந்தபுரத்துக்கும் செல்லும் 400 கிலோவோல்ட் பாதைகள். இடுக்கி–உடுமலைப்பேட்டை, சபரிகிரி–தேனி என்னும் 220 கிலோவோல்ட் பாதைகள். பட்டியலின் கீழ்ப்பகுதியில், 110 கிலோவோல்ட் என்னும் எளிய தகுதியோடு, பாறசாலை–குழித்துறை என்று ஒரு வரி இருக்கும். ஒருமுனை நெய்யாற்றின்கரை வட்டத்தில், மறுமுனை விளவங்கோடு வட்டத்தில். இடையில் களியக்காவிளைச் சோதனைச் சாவடி. மின்னியலாளர் இதைப் பெரிதாகக் கருதமாட்டார். ஆனால் மாநிலம் என்பதைக் கணினி எவ்வாறு புரிந்துகொள்கிறது என்னும் கேள்விக்கு இந்தச் சிறு பாதையைவிடத் தெளிவான இடம் கிடைப்பது அரிது.

1956 நவம்பர் 1 வரை இவ்விரு ஊர்களும் ஒரே அரசின்கீழ் இருந்தவை. திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ், தமிழர் வாழும் பகுதிகளுள் நெய்யாற்றின்கரையையும் சேர்த்தே கேட்டது. தோவாளை, அகத்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு தென்வட்டங்கள் சென்னை மாநிலத்தில் சேர்ந்து கன்னியாகுமரி மாவட்டமாயின. செங்கோட்டையின் ஒரு பகுதி திருநெல்வேலி மாவட்டத்துக்குச் சென்றது. நெய்யாற்றின்கரை கேரளத்திலேயே நின்றது. கோடு விழுந்த இடத்தில் பேச்சு அறுந்துவிடவில்லை. இங்கு ஊர்ப்பெயர்களே சான்று. தமிழில் ஐகாரத்தில் முடிவது மலையாளத்தில் அகரத்தில் முடியும்: பாறசாலை–பாறசால, குழித்துறை–குழித்துற. சாவடிக்கு அப்பால் களியக்காவிளை, இப்பால் இஞ்சிவிள. இரண்டும் ஒரே 'விளை' என்னும் நிலப்பெயர்தான். எல்லை என்பது இங்கு ஓர் ஈற்றுயிரின் வேறுபாடு. மின்சாரத்துக்கு அலுவல் மலையாளத்தில் 'வைத்யுதி', அலுவல் தமிழில் 'மின்சாரம்'. விளக்கு அணைந்தால் இருபுறத்தாரும் சொல்வது 'கரண்டு போச்சு', 'கறன்ட் போயி'.

ஒரு வளத்தைப் பிரிப்பது எப்படி என்பதற்கு இதே நிலப்பரப்பில் வேறோர் எடுத்துக்காட்டு உண்டு. 1950களின் இறுதியில் நிறைவெய்திய நெய்யாறு அணையின் இடதுகரைக் கால்வாய் விளவங்கோடு வட்டத்து வயல்களுக்கும் நீர் தருவதாக அமைந்தது. 2004 முதல் அந்த நீர் வருவதில்லை. தமிழ்நாடு 2012இல் உச்சநீதிமன்றம் சென்றது. நியாயம் எப்பக்கம் என்பது இங்கே பேசுபொருளன்று. நீருக்கு ஒரு மதகு இருக்கிறது, அதை ஒருவர் மூட முடியும் என்பதே கவனிக்க வேண்டியது. மாறுமின்னோட்டத்துக்கு அப்படியொரு மதகு கிடையாது. ஒரு பாதையை முற்றாகத் துண்டிக்கலாம். இணைத்து வைத்துவிட்டால், அதில் எவ்வளவு போக வேண்டும் என்று எவரும் நேரடியாக ஆணையிட முடியாது. பாதைகளின் மறுப்புக்கேற்ப மின்சாரம் தானே பிரிந்து பாய்கிறது. ஆகவே மின்சாரத்தைப் பிரிப்பதற்கு முதலில் அதைக் கணக்கிட வேண்டும்.

அந்தக் கணக்கின் வரலாற்றிலும் 1956 ஒரு முக்கிய ஆண்டு என்பது தற்செயல்தான். ஆயினும் நினைவில் கொள்ளத்தக்க தற்செயல். அவ்வாண்டுதான் வார்டும் ஹேலும் மின்பாய்வுக் கணக்கை எண்முறைக் கணினியில் தீர்க்கும் வழியை அமெரிக்க மின்பொறியாளர் கழகத்தின் இதழில் வெளியிட்டனர். அதற்குமுன் பொறியாளர்கள் மின்தொகுப்பின் சிற்றுருவை ஓர் அறைக்குள் கட்டினார்கள். நூறு கல் நீளமுள்ள பாதைக்கு ஒரு கம்பிச்சுருள், ஒரு நகரத்துக்கு ஒரு மின்தடையம் என்று இணைத்து, மீட்டர் வைத்து அளந்தார்கள். வலையமைப்புப் பகுப்பி எனப்பட்ட அப்பொறிகளுள் பெயர்பெற்ற ஒன்று 1929இல் எம்ஐடி நிறுவனத்தில் எழுந்தது. தொகுப்பு பெருகப் பெருக அறை போதவில்லை.

மின்பாய்வுக் கணக்கில் ஒவ்வொரு துணைமின் நிலையமும் ஒரு முனை. ஒவ்வொரு முனைக்கும் கண்டறிய வேண்டியவை இரண்டு: மின்னழுத்தத்தின் அளவு, அதன் கோணம். இவை தெரிந்துவிட்டால் எந்தப் பாதையில் எவ்வளவு பாய்கிறது என்பதைப் பெருக்கிக் கண்டுவிடலாம். சிக்கல் என்னவெனில், சமன்பாடுகள் நேர்கோட்டுச் சமன்பாடுகள் அல்ல. எனவே ஒரு விடையை ஊகித்து, பிழையை அளந்து, திருத்தி, மீண்டும் ஊகிக்க வேண்டும். ஆயிரம் முனைகளுள்ள தொகுப்பின் அணிக்கோவையில் பத்து இலட்சம் கட்டங்கள். அன்றைய கணினி நினைவகத்துக்கு அது மலை. 1967இல் அமெரிக்காவின் பான்வில் மின்நிர்வாகத்தைச் சேர்ந்த டின்னியும் ஹார்ட்டும் நியூட்டன் முறையை நடைமுறைக்குக் கொணர்ந்தபோது பயன்படுத்திக்கொண்ட உண்மை மிக எளியது: அக்கட்டங்களில் பெரும்பாலானவை வெற்றிடங்கள். பாறசாலைக்குக் களியக்காவிளையோடும் உதியன்குளங்கரையோடும் வெள்ளறடையோடும் சாலை உண்டு. தில்லியோடு நேர்ச்சாலை இல்லை. மின்முனைகளும் அப்படியே. பக்கத்து முனைகள் மூன்றோ நான்கோ, மற்றவை சுழி. சுழிகளைச் சேமிக்காமலும் பெருக்காமலும் விட்டால் மலை குன்றாகிறது. 1974இல் ஸ்டாட்டும் அல்சாக்கும் வகுத்த விரைவுமுறை அதை இன்னும் சுருக்கியது.

இக்கணக்கு எல்லைப் பாதைக்கு என்ன சொல்கிறது? ஓர் எளிய கற்பனைக் கணக்கைப் பார்க்கலாம். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து திருவனந்தபுரம் பக்கத்துக்கு 1,000 மெகாவாட் போக வேண்டும்; இரு வழிகள் மட்டுமே உள்ளன எனக் கொள்வோம். ஒன்று 400 கிலோவோல்ட் வழி, மற்றது 110 கிலோவோல்ட் வழி. இரண்டாவதன் மறுப்பு முதலாவதைப்போல் 19 மடங்கு என்றால், 950 மெகாவாட் பெருவழியிலும் 50 மெகாவாட் சிறுவழியிலும் பாயும். எல்லாம் நலம். இப்போது பெருவழி அறுந்தால், ஆயிரமும் சிறுவழியை நோக்கித் திரும்பும். நூறு மெகாவாட்டுக்கும் குறைவாகச் சுமக்கவே பழகிய கம்பி அது. மெய்த்தொகுப்பில் வேறு பல இணைவழிகள் இருப்பதால் விளைவு இவ்வளவு கொடிதாக இராது, கோட்பாடு இதுதான். பெரும்பாதைகளுக்கு இணையாகச் செல்லும் குறைந்த அழுத்த எல்லைப் பாதைகளை இணைத்து வைப்பதா, திறந்து வைப்பதா, அல்லது ஒருபக்கத்து ஊர்களை மட்டும் மறுபக்கத்திலிருந்து ஊட்டப் பயன்படுத்துவதா என்பதை இதனால்தான் உள்ளூர்த் தேவை மட்டும் முடிவு செய்வதில்லை. வேறெங்கோ ஒரு பாதை அறுந்தால் இங்கு என்னாகும் என்னும் கணக்கும் சேர்ந்தே முடிவு செய்கிறது.

கணக்கிடுவதற்கு முதலில் அளவீடு வேண்டும். பாரதூரமான எல்லை இங்கேதான் இருந்தது. கேரள மாநில மின்வாரியம் 1957 மார்ச் இறுதியிலும் சென்னை மாநில மின்வாரியம் அதே ஆண்டு ஜூலை 1 அன்றும் அமைந்தன. மண்டல மின்வாரியங்கள் 1964இல் தோன்றின. தென்மண்டலத்துக்குத் தலைமையிடம் பெங்களூர். ஆயினும் நெடுங்காலம் செய்தி சென்ற முறை எளியதே: துணைமின் நிலையத்தில் பணியிலிருப்பவர் மணிக்கொருமுறை மீட்டரைப் பார்த்துப் பதிவேட்டில் எழுதுவார், மின்கம்பியையே தொலைபேசிக் கம்பியாக்கும் கருவிவழி மையத்துக்கு வாய்மொழியாகச் சொல்வார். மின்சாரம் எல்லையை நொடிக்குள் கடந்தது. அதைப் பற்றிய அறிவு ஒரு மணி நேரம் பின்தங்கி வந்தது.

2002இல் தென்மண்டலத்தில் செயலுக்கு வந்த ஒருங்கிணைந்த மின்சுமை பகிர்ந்தளிப்பு, தகவல்தொடர்புத் திட்டம் இந்நிலையை மாற்றியது. துணைமின் நிலையங்களில் தொலைமுனைக் கருவிகள் பொருத்தப்பட்டன. அவை சில நொடிகளுக்கு ஒருமுறை அளவீடுகளை அனுப்பும். கேரளத்துக்குக் களமசேரியிலும் தமிழ்நாட்டுக்குச் சென்னையிலும் உள்ள மையங்கள் அவற்றைப் பெறும். அங்கிருந்து பெங்களூரிலுள்ள மண்டல மையம் பெறும். 2009இல் தில்லியில் தேசிய மையமும் வந்தது. ஸ்காடா எனப்படும் இவ்வமைப்பில் பாறசாலை–குழித்துறைப் பாதை போன்றவற்றுக்கு ஒரு தனித்தன்மை உண்டு. ஒரு மாநிலத்தின் உட்பாதையை ஒரே நிறுவனம் இருமுனைகளிலும் அளக்கிறது. எல்லைப் பாதையையோ ஒருமுனையில் ஒருவரும் மறுமுனையில் மற்றவரும் அளக்கிறார்கள்.

இரு அளவீடுகள் முரண்பட்டால்? ஒருமுனை 42 மெகாவாட் அனுப்பியதாகவும் மறுமுனை 36 மட்டுமே பெற்றதாகவும் சொன்னால், இவ்வளவு குறுகிய பாதையில் ஆறு மெகாவாட் வெப்பமாகிப் போயிராது. யாரோ ஒருவருடைய கருவி பிழைபட்டிருக்கிறது. இதற்கு எம்ஐடியின் ஃபிரெட் ஷ்வெப்பே 1970இல் தந்த தீர்வு 'நிலை மதிப்பீடு'. தமிழ் மாணவருக்கு இது அந்நியமான முறையன்று. ஏட்டுச் சுவடிகளைப் பதிப்பிப்பவர் ஒரே அடிக்கு மூன்று பாடங்களைக் காணும்போது, ஒவ்வொரு சுவடியின் நம்பகத்தை எடைபோட்டு, யாப்பும் பொருளும் எதற்கு இடந்தருகின்றன எனப் பார்த்து, மூலபாடத்தை ஊகிக்கிறார். நிலை மதிப்பீட்டு நிரலும் ஒவ்வோர் அளவீட்டுக்கும் ஓர் எடை கொடுக்கிறது. யாப்பின் இடத்தில் மின்விதிகள் நிற்கின்றன. எல்லா அளவீடுகளோடும் கூடியவரை ஒத்துப்போகும் ஒரே நிலையைக் கண்டு, அதனோடு பொருந்தாத அளவீட்டைப் பிழையெனக் குறிக்கிறது. சுவடிகள் ஒன்றைப் பார்த்து ஒன்று எழுதப்பட்டவையாதலால் பிழையும் வழிவழியாகத் தொடரும். மீட்டர்கள் ஒன்றையொன்று பார்த்து எழுதுவதில்லை. அவ்வகையில் பதிப்பாசிரியரைவிடப் பொறியாளர் கொடுத்துவைத்தவர்.

ஆனால் எல்லைக்கு அப்பாலிருந்து சுவடியே வராவிட்டால் நிரல் தடுமாறும். 2003 ஆகஸ்ட் 14 அன்று அமெரிக்காவின் வடகிழக்கிலும் கனடாவின் ஒன்டாரியோவிலும் ஏறக்குறைய ஐந்து கோடிப் பேர் இருளில் ஆழ்ந்ததற்குக் காரணங்கள் பல: மரக்கிளையில் உரசிய கம்பிகள், ஓகையோ மின்நிறுவனம் ஒன்றின் கட்டுப்பாட்டறையில் அறிவிப்பின்றி உறங்கிப்போன எச்சரிக்கை மென்பொருள். அவற்றோடு அதிகம் பேசப்படாத ஒன்றும் உண்டு. அப்பகுதியை மேற்பார்வையிட்ட ஒருங்கிணைப்பு மையத்தின் நிலை மதிப்பீட்டு நிரல் அன்று நண்பகலில் விடை காணாமல் நின்றது. அயல் நிறுவனம் ஒன்றின் பாதை அறுந்த செய்தி அதற்கு எட்டவில்லை. பிழையைத் திருத்திய பணியாளர், நிரலைத் தானியங்கு நிலைக்கு மாற்ற மறந்துவிட்டார். பின்னர் மாற்றியபோது, இன்னோர் அயல் நிறுவனத்தின் பாதை அறுந்திருந்ததும் அதற்குத் தெரியாததால் மீண்டும் நின்றது. மாலை நான்கு மணியளவில் நிரல் சரியான விடை தந்தபோது தொடர்வீழ்ச்சி தொடங்கும் தறுவாய். அறுந்த இரு பாதைகளும் பிறருடைய பாதைகள் என்பதுதான் செய்தி.

அண்டை வலையமைப்பை முழுதும் சேர்க்காமல் சில கற்பனை முனைகளாகச் சுருக்கி வைத்துக்கொள்வது இத்துறையில் பழைய வழக்கம். 1949இலேயே வார்டு வகுத்த 'ஈடுவலை' முறையும் அதற்கே. கணக்கைச் சுருக்க அது இன்றியமையாதது. ஆயினும் அண்டை வீட்டாரை ஒரு சுருக்கக் குறியாக மட்டும் அறிவதன் விலை ஓகையோவில் தெரிந்தது. மேலே நிற்கும் மண்டல மையம் இருபுறத்தையும் சுருக்காமல் பார்ப்பது அதனால்தான் தேவையாகிறது.

கணினி வந்தபின் மாநிலத்தின் இலக்கணமும் மாறியது. 2003 ஜனவரி 1 முதல் தென்மண்டலத்தில் இருப்பு அடிப்படையிலான கட்டணமுறை நடைமுறைக்கு வந்தது. நாள் 96 கூறுகளாகப் பிரிக்கப்பட்டது. கூறு ஒன்றுக்கு 15 நிமிடம். ஒவ்வொரு கூறிலும் மாநிலம் எவ்வளவு எடுக்க வேண்டும் என்று முன்கூட்டி அட்டவணை உண்டு. எடுத்தது எவ்வளவு என்பதை எல்லை மீட்டர்கள் சொல்லும். வேறுபாட்டின் விலையை அதிர்வெண் நிர்ணயிக்கும்: 50 ஹெர்ட்ஸுக்குக் கீழே இறங்க இறங்க, கூடுதலாக எடுப்பவர் கூடுதலாகக் கொடுப்பார். இம்முறையில் கேரளம் என்பது ஒரு நிலப்பரப்பன்று. எல்லைப் பாதைகளின் அளவீடுகளுடைய கூட்டுத்தொகை. மொழிவாரி மாநிலத்துக்கு 1956இல் தரப்பட்ட இலக்கணத்துக்கும் இதற்கும் எவ்வளவு தொலைவு! அங்கே கேட்கப்பட்டது, ஒரு வட்டத்தில் எத்தனை பேர் எம்மொழி பேசுகிறார்கள் என்பது. இங்கே கேட்கப்படுவது, அவ்வட்டத்தின் விளிம்பிலுள்ள கம்பியில் இந்தக் கால்மணி நேரத்தில் எவ்வளவு போயிற்று என்பது மட்டுமே. பாறசாலைத் தமிழரும் திருச்சூர் மலையாளியும் ஒரே கூட்டுத்தொகைக்குள் அடக்கம்.

அந்த எண்கள் வாழ்க்கையைத் தொட்ட காலமும் உண்டு. 2012 ஜூலை 30 அதிகாலையில் பீனா–குவாலியர் 400 கிலோவோல்ட் பாதை துண்டிக்கப்பட்டு வட இந்தியா இருண்டது. மறுநாள் வடக்கோடு கிழக்கும் வடகிழக்கும் சேர்ந்தே வீழ்ந்தன. தெற்கு தப்பியது. அப்போது அது பிற மண்டலங்களோடு நேர்மின்னோட்ட இணைப்புகளால் மட்டுமே கட்டப்பட்டிருந்தது, அதிர்வெண்ணும் தனி. தப்பிய தெற்கு அதே ஆண்டில் வேறுவிதமாக இருண்டது. தமிழ்நாட்டில் சென்னைக்கு வெளியே நாளொன்றுக்குப் பத்து மணி நேரத்துக்கும் மேலாக மின்வெட்டு. கேரளத்தில் அரைமணி நேரச் சுழற்சி மின்வெட்டு. இரு அரசுகளின் மின்வெட்டு அட்டவணைகள் களியக்காவிளையில் முட்டிக்கொண்டன. வாங்கப் பணம் இருந்தாலும் வடக்கிலிருந்து வேண்டிய அளவு மின்சாரம் வர வழியில்லை. தெற்குக்குள் எவ்வளவு வரலாம் என்பதை 'கிடைக்கும் பரிமாற்றத் திறன்' என்னும் ஓர் எண் கட்டுப்படுத்தியது. ஒரு பாதை அறுந்தாலும் மற்றவை தாங்க வேண்டும் என்னும் நிபந்தனையோடு மின்பாய்வுக் கணக்கை மீண்டும் மீண்டும் ஓட்டிப் பெறப்படும் எண் அது. ஊர்த்திண்ணையில் அரசியல்வாதிகள் திட்டு வாங்கினார்கள். திட்டிற் சிறு பங்கு அந்த எண்ணுக்கும் உரியது.

2008இல் மின்சந்தைகள் தொடங்கியபின் இந்நெருக்கடி வரைபடத்திலும் ஏறியது. நாடு ஏலப் பகுதிகளாகப் பிரிக்கப்பட்டது. இடையிலுள்ள பாதை நிறைந்துவிட்டால் இருபுறமும் வெவ்வேறு விலை. அப்பிரிவினையில் தமிழ்நாடு எஸ்2 பகுதி, கேரளம் எஸ்3 பகுதி. பாதைகளின் நெருக்கடியை வைத்து வகுக்கப்படும் பகுதிகள் அவை. மொழிக்கு அங்கே வேலையில்லை. ஆயினும் கோடு பழைய இடத்திலேயே விழுந்திருக்கிறது. 1957க்குப்பின் ஒவ்வொரு வாரியமும் தன் எல்லைக்குள்தான் அடர்த்தியாகக் கம்பி இழுத்தது. எல்லையில் பாதைகள் சில மட்டுமே. அரசியல் வரைந்த கோட்டைக் கம்பிகள் பின்பற்றின, கம்பிகளைக் கணக்கு பின்பற்றியது. இஞ்சிவிளைக்கும் களியக்காவிளைக்கும் இடையே ஒரு விலை எல்லையும் ஓடுவதற்கு இதைவிட வேறு விளக்கம் தேவையில்லை.

2013 டிசம்பர் 31 அன்று ராய்ச்சூர்–சோலாப்பூர் 765 கிலோவோல்ட் பாதை இணைக்கப்பட்டு நாடு முழுதும் ஒரே அதிர்வெண்ணில் ஓடத் தொடங்கியது. அன்றுமுதல் பாறசாலையில் சுழலும் மோட்டாரும் லூதியானாவில் சுழலும் மோட்டாரும் ஒரே தாளத்துக்கு உட்பட்டவை. எல்லைக்கு அப்பால் ஆரல்வாய்மொழிக் கணவாயில் முப்பந்தல் காற்றாலைகள் தென்மேற்குப் பருவத்தில் விரைவதும் ஓய்வதும் இந்தத் தாளத்தை அசைக்கின்றன. ஏற்ற இறக்கத்தைச் சரிக்கட்ட விரைவில் ஏறி இறங்கவல்ல நீர்மின் நிலையங்கள் வேண்டும். 780 மெகாவாட் இடுக்கி அத்தகையது. அட்டவணைக்கும் உண்மைப் பாய்வுக்கும் உள்ள வேறுபாட்டோடு அதிர்வெண் பிறழ்ச்சியையும் கூட்டி, தன் பகுதியின் பிழை எவ்வளவு எனக் கணினி இடைவிடாது கணிக்கிறது.

2021இல் புகளூர்–திருச்சூர் நேர்மின்னோட்ட இணைப்பு வந்தது. 320 கிலோவோல்ட், 2,000 மெகாவாட். இந்தியாவில் மின்னழுத்த மூல மாற்றிகளைக் கொண்டு அமைந்த முதல் இணைப்பு இது. கேரளத்தில் நிலம் கிடைப்பது அரிதென்பதால் ஒரு பகுதி மண்ணுக்கடியில் கேபிளாகச் செல்கிறது. மாறுமின்னோட்டத்தைப் போலன்றி, இதில் எவ்வளவு பாய வேண்டும் என்பதை மாற்றிகளின் கணினி நிர்ணயிக்கும், திசையையும் திருப்பலாம். இரு மாநிலங்களுக்கும் இடையே மின்சாரத்துக்கு ஒரு மதகு கிடைத்துவிட்டது. அதன் சாவி இரு அரசுகளில் எதனிடமும் இல்லை. அட்டவணைப்படி இயக்குவது மண்டல மையமும் தேசிய மையமும்.

பாறசாலை–குழித்துறைப் பாதைக்கு அத்தகைய மதகு இல்லை; இருமுனைகளிலும் சுற்றுமுறிப்பான்கள் மட்டுமே. அவை மூடியுள்ளனவா, திறந்துள்ளனவா என்பது ஒவ்வொன்றுக்கும் ஒரே ஓர் இருமக் குறி. ஒருமுனையின் குறி களமசேரிக்கும் மறுமுனையின் குறி சென்னைக்கும் போய், இரண்டும் பெங்களூரில் சந்திக்கின்றன. பாய்வு சுழியாக இருக்கும் வேளையிலும் அச்சுழி மெய்தானா, கருவி பழுதா என்பதை நிரல் அவ்விரு குறிகளைக் கொண்டே முடிவு செய்கிறது.